நட்டஈடும் மீளளிப்பும் வருமானமாகுமா?

வருமான வரி என்பது பெருவணிகர்களுக்கும் உயர்பதவி வகிப்போருக்கும் மட்டுமே உரிய விடயம் என்றதொரு எண்ணம் எமது மக்களிடையே நீண்டகாலமாக நிலவி வந்தது. 2020 ஆம் ஆண்டு முதல் வருடாந்தம் 30 இலட்சம் ரூபாவாக இருந்த தனிநபர் நிவாரண எல்லை, பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து 2023 ஜனவரியில் 12 இலட்சம் ரூபாவாகக் குறைக்கப்பட்டபோது அந்த எண்ணம் கலைந்தது. மாதமொன்றுக்கு ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல் சம்பாதித்த வங்கி ஊழியரும் மருத்துவரும் விரிவுரையாளரும் நடுத்தரக் கடை உரிமையாளரும் ஒருசேர வரி வலைக்குள் கொண்டுவரப்பட்டனர். 2025 ஏப்ரல் 1 ஆம் திகதி முதல் அந்த எல்லை 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டமை ஓரளவு ஆறுதல் தந்துள்ள போதிலும், வரி பற்றிய கேள்விகள் எமது இல்லங்களை விட்டு அகன்றுவிடவில்லை.

அவற்றுள் அடிக்கடி எழுகின்ற கேள்வியொன்றை இங்கு ஆராய விரும்புகின்றோம். பழுதான பொருளுக்காக விற்பனை நிறுவனம் திருப்பிக் கொடுக்கும் பணம், காப்புறுதிக் கம்பனி வழங்கும் இழப்பீடு, தொழில் தருநர் வேலைநீக்கத்துக்காகச் செலுத்தும் நட்டஈடு, விபத்தில் காயமுற்றவருக்கு வழங்கப்படும் தொகை ஆகியன வருமானமாகக் கருதப்பட்டு வரிக்குட்படுத்தப்படுமா என்பதே அந்தக் கேள்வியாகும். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை கூறுவோர் இரு சாராரும் தவறிழைக்கின்றனர். கையில் கிடைத்த பணமெல்லாம் வருமானம் என அஞ்சி, செலுத்தத் தேவையில்லாத வரியைச் செலுத்துவோரும் உளர். நட்டஈடு என்ற பெயர் இருந்தாலே வரி இல்லை என நம்பி, பின்னர் தண்டப்பணத்துடன் வரியைச் செலுத்த நேர்வோரும் உளர்.

சட்டம் என்ன கூறுகின்றது?

இலங்கையில் வருமான வரி முதன்முதலாக 1932 ஆம் ஆண்டின் வருமான வரிக் கட்டளைச் சட்டத்தின் மூலம் அறிமுகமானது. தற்போது நடைமுறையிலுள்ளது, 2018 ஏப்ரல் 1 ஆம் திகதி முதல் வலுவுக்கு வந்த 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதற்குப் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களுமாகும். இச்சட்டம் வருமானத்தை நான்கு வகைகளாகப் பிரிக்கின்றது. தொழில் வருமானம், வியாபார வருமானம், முதலீட்டு வருமானம், ஏனைய மூலங்களிலிருந்தான வருமானம் என்பனவே அவை. ஒருவருக்குக் கிடைக்கும் தொகை இந்த நான்கில் ஏதேனும் ஒன்றினுள் அடங்கினால் மாத்திரமே வரி பற்றிய பேச்சு எழும்.

நான்காவது வகையான ஏனைய மூலங்கள் என்பது எதையும் உள்ளடக்கக்கூடிய பெருங்கூடை போலத் தோன்றினாலும், தற்செயலானதும் மீண்டும் மீண்டும் நிகழாததுமான இலாபங்கள் அதில் சேரா எனச் சட்டமே விலக்களித்துள்ளது. சாதாரண குடிமகன் ஒருவருக்கு வாழ்வில் ஓரிரு தடவைகள் கிடைக்கும் சிறு இழப்பீடுகளைப் பொறுத்தவரையில் இந்த விலக்கு முக்கியமானதொரு பாதுகாப்பாகும்.

இதற்கு அப்பால், இழப்பீடாகவும் மீளப்பெறுகையாகவும் கிடைக்கும் தொகைகள் தொடர்பில் சட்டம் ஒரு பொது விதியையும் வகுத்துள்ளது. காப்புறுதிப் பணம் உட்பட, இழப்பீடாகக் கிடைக்கும் தொகை எதனை ஈடுசெய்கின்றதோ அதன் இயல்பையே பெறும் என்பது அவ்விதியின் சாரமாகும். இழந்த வருமானத்துக்குப் பதிலாகக் கிடைப்பது வருமானமாகும். இழந்த சொத்துக்குப் பதிலாகக் கிடைப்பது அச்சொத்தின் விலையாகக் கொள்ளப்படும். ஏற்கெனவே செலவாகக் கழிக்கப்பட்ட தொகை திரும்பக் கிடைப்பின் அது மீண்டும் வருமானக் கணக்கில் சேர்க்கப்படும்.

இந்த விதி வெறுமையிலிருந்து தோன்றியதன்று. எமது வரிச்சட்டத்தின் வேர்கள் பிரித்தானியச் சட்டத்தில் இருப்பதனால், அங்குள்ள நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் இங்கு எடுத்துக்காட்டப்படுவதுண்டு. கிளென்பொய்க் என்னும் களிமண் நிறுவனத்தின் வழக்கு 1922 இல் பிரபுக்கள் சபை வரை சென்றது. புகையிரதப் பாதைக்குக் கீழுள்ள களிமண்ணைத் தோண்டாது விடுவதற்காக அந்நிறுவனத்துக்குப் புகையிரதக் கம்பனி செலுத்திய நட்டஈடு, இலாபமன்று, மூலதனம் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. களிமண் அந்நிறுவனத்தின் மூலதனச் சொத்து. அது நிரந்தரமாகப் பயனற்றுப் போனமைக்கே பணம் கொடுக்கப்பட்டது என்பது அதற்கான காரணமாகும். பர்மா கப்பல் கம்பனி வழக்கிலோ நிலைமை வேறு. கப்பல் திருத்தும் பணி உரிய காலத்தில் நிறைவடையாததால் இழந்த உழைப்புக்காகப் பெற்ற நட்டஈடு வரிக்குரிய வருமானம் என ஸ்கொட்லாந்து நீதிமன்றம் கூறியது. கப்பல் அழியவில்லை, அதன் உழைப்பு மட்டுமே சில காலம் தடைப்பட்டது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையிலான வேறுபாட்டை விளங்கிக்கொள்வோருக்கு இவ்விடயத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நுகர்வோருக்குக் கிடைக்கும் மீளளிப்பு

முதலில் மிக எளிதான நிலையை எடுத்துக்கொள்வோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், தரக்குறைவான பொருளை வாங்கி ஏமாற்றமடைந்தவர் அதிகாரசபையிடம் எழுத்துமூலம் முறையிடலாம். விசாரணையின் பின்னர், பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிச் செலுத்தவோ, நியாயமான நட்டஈட்டை வழங்கவோ வியாபாரிக்குக் கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரமுண்டு. வீட்டுப் பாவனைக்கென 2 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டிக்கு அந்த 2 இலட்சம் ரூபாவும் திரும்பக் கிடைத்தால், அது அவருடைய சொந்தப் பணமே. அவர் ஏற்கெனவே வரி செலுத்தி மீதமாக வைத்திருந்த பணத்தில் வாங்கிய பொருளுக்கான விலை அது. அதில் புதிதாக எந்த ஆதாயமும் இல்லை. ஆதாயம் இல்லாதவிடத்து வருமானமும் இல்லை, வரியும் இல்லை.

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொவிட் தொற்றுக் காரணமாக வெளிநாட்டு யாத்திரிகர்களுக்கு ஹஜ் கடமைக்கான அனுமதி வழங்கப்படாதபோது, பயண முகவர்களிடம் முற்பணம் செலுத்தியிருந்தவர்கள் அதனைத் திரும்பப் பெறவேண்டிய நிலை ஏற்பட்டது. விமானச் சீட்டுகளுக்குச் செலுத்திய பணத்தைத் திரும்பப் பெற்றோரும் பலர். இவையும் முற்கூறியவாறே வரிக்கு அப்பாற்பட்டவை. கடைகளில் வழங்கப்படும் விலைக்கழிவும், கடனட்டை நிறுவனங்கள் கொள்வனவின் ஒரு பகுதியைத் திருப்பி வரவு வைப்பதும், கூடுதலாக அறவிடப்பட்ட மின்கட்டணமோ தொலைபேசிக் கட்டணமோ அடுத்த பட்டியலில் கழிக்கப்படுவதும் விலைக்குறைப்பு என்ற வகையையே சாரும். இறைவரித் திணைக்களம் கூடுதலாக அறவிட்ட வரியைத் திருப்பித் தரும்போது அதுவும் வருமானமாகாது.

ஆயினும் இரண்டு விதிவிலக்குகளை வாசகர்கள் மனதிற்கொள்ள வேண்டும். முதலாவது, திரும்பக் கிடைக்கும் பணத்துடன் சேர்த்து வழங்கப்படும் வட்டி. பணத்தை நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தமைக்காக நிறுவனமொன்று தானாகவோ நீதிமன்றக் கட்டளையின் பேரிலோ வட்டி செலுத்துமாயின், அந்த வட்டி முதலீட்டு வருமானமாகும். முதல் எவ்வகையினதாக இருப்பினும் வட்டி வட்டியே.

பிரித்தானியாவில் நடந்ததொரு நிகழ்வு இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றது. கடன் பெறுவோர் மீது தவறான முறையில் திணிக்கப்பட்ட கடன் கொடுப்பனவுக் காப்புறுதிக்காக அந்நாட்டு வங்கிகள் பல்லாயிரம் மில்லியன் பவுண்களைத் திருப்பிச் செலுத்தின. இதற்கான முறைப்பாடுகளை ஏற்கும் இறுதித் திகதி 2019 ஓகஸ்ட் 29 ஆகும். அங்கு வாழும் எமது உறவினர் பலரும் இப்பணத்தைப் பெற்றிருப்பர். திரும்பக் கிடைத்த காப்புறுதிக் கட்டணத்துக்கு வரி அறவிடப்படவில்லை. ஆனால் அதனுடன் வழங்கப்பட்ட 8 சதவீத எளிய வட்டி வரிக்குரியதாகக் கருதப்பட்டு, வங்கிகள் பொதுவாக அதில் 20 சதவீதத்தைக் கழித்துக்கொண்டே மீதியைச் செலுத்தின. வரி விலக்கு எல்லைக்குட்பட்டவர்கள் அதனைத் திரும்பக் கோர முடிந்தது. கோரவேண்டும் என்பதை அறியாது விட்டவர்களுக்கு அப்பணம் கிட்டவில்லை.

இங்கும் இதே நிலைதான். நிறுவனங்கள் செலுத்தும் வட்டியில் முற்பண வருமான வரி கழிக்கப்படுகின்றது. 5 சதவீதமாக இருந்த அவ்வீதம் 2025 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதமாக உயர்த்தப்பட்டுள்ளது. வருடாந்த மொத்த வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்தவர்கள் வங்கிகளிடம் வெளிப்படுத்தல் படிவத்தைச் சமர்ப்பித்து இக்கழிப்பைத் தவிர்க்கலாம். கழிக்கப்பட்டிருப்பின் அதற்கான சான்றிதழைக் கேட்டுப் பெற்று மீளளிப்புக் கோரலாம். ஓய்வூதியரும் கைம்பெண்களும் இதில் கூடிய கவனம் செலுத்துதல் வேண்டும்.

இரண்டாவது விதிவிலக்கு வியாபாரிகளைப் பற்றியது. அதே குளிர்சாதனப் பெட்டியை உணவகம் ஒன்றின் உரிமையாளர் வாங்கி, அதன் விலையையோ திருத்தச் செலவையோ தமது வியாபாரக் கணக்கில் காட்டி வரிக்கழிவு பெற்றிருந்தால், திரும்பக் கிடைக்கும் பணத்தையும் அவர் அதே கணக்கில் காட்டியாக வேண்டும். செலவைக் காட்டி வரியைக் குறைத்தவர், அச்செலவு திரும்பக் கிடைத்தபோது மறைப்பாராயின் ஒரே பணத்துக்கு இருமுறை நன்மை பெற்றவராவார்.

முறிவடைந்த நிதி நிறுவனங்கள்

2002 இல் பிரமுக வங்கியும், 2008 இறுதியில் கோல்டன் கீ நிறுவனமும் சரிந்தபோது வைப்பாளர்கள் அனுபவித்த துயரத்தை இந்நாடு மறந்துவிடவில்லை. 2020 மே மாதத்தில் த பினான்ஸ் கம்பனியினதும் அதே ஆண்டு ஜூலையில் ஈ.ரி.ஐ. பினான்ஸ் நிறுவனத்தினதும் அனுமதிப்பத்திரங்களை மத்திய வங்கி இரத்துச் செய்தது. அவ்வேளையில் வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் வைப்பாளர் ஒருவருக்கு ஆகக்கூடியதாக 6 இலட்சம் ரூபாவே வழங்கப்பட்டது. பின்னர் 2021 இல் அந்த எல்லை 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது.

இவ்வாறு கிடைத்த பணம் இழப்பீடு எனப் பெயர் பெற்றிருப்பினும், அது வைப்பாளர் இட்ட முதலின் ஒரு பகுதி திரும்பி வந்ததேயன்றி வேறில்லை. அதற்கு வருமான வரி கிடையாது. 20 இலட்சம் ரூபாவை வைப்பிலிட்டு 6 இலட்சம் ரூபாவைப் பெற்றவரிடம் வருமானம் பெற்றாயா எனக் கேட்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். முதலுக்கு மேலாக வட்டி என்ற வகையில் எந்தத் தொகையேனும் செலுத்தப்படுமாயின் அப்பகுதி மாத்திரமே முதலீட்டு வருமானமாகக் கொள்ளப்படும். ஆதலின் இத்தகைய கொடுப்பனவைப் பெறுவோர், முதல் எவ்வளவு வட்டி எவ்வளவு எனப் பிரித்துக் காட்டும் கூற்றொன்றைக் கேட்டுப் பெறுதல் அவசியம்.

எரிந்த கடைக்கு வந்த காப்புறுதிப் பணம்

2014 ஜூனில் அளுத்கமவிலும், 2018 மார்ச்சில் திகனவிலும், 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் முஸ்லிம்களின் கடைகள் தீக்கிரையாக்கப்பட்டன. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வணிக நிலையங்களுக்கு நேர்ந்த கதியை நினைவூட்ட வேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் வெள்ளமும் மலையகம் உட்பட நாட்டின் பல பகுதிகளில் கடைகளையும் களஞ்சியங்களையும் நாசமாக்கின. இத்தகைய அனர்த்தங்களின் பின்னர் காப்புறுதிப் பணம் பெறும் வியாபாரி அறிந்திருக்க வேண்டியது யாது?

உதாரணமாக, கடையொன்றுக்கு 30 இலட்சம் ரூபா காப்புறுதி இழப்பீடு கிடைக்கின்றதென வைத்துக்கொள்வோம். அதில் 18 இலட்சம் எரிந்துபோன சரக்குக்காகவும், 8 இலட்சம் கட்டடத்துக்கும் தளபாடங்களுக்குமாகவும், 4 இலட்சம் கடை மூடியிருந்த காலத்து இலாப இழப்புக்காகவும் வழங்கப்பட்டதென்போம். சரக்குக்கான 18 இலட்சம் வியாபார வரவாகும். ஆயினும் அச்சரக்கை வாங்கிய செலவு ஏற்கெனவே கணக்கில் கழிக்கப்படுவதால், கொள்விலைக்கு மேற்படாத இழப்பீட்டினால் வரிக்குரிய இலாபம் எதுவும் மிஞ்சாது. இலாப இழப்புக்கான 4 இலட்சம் முழுமையாக வியாபார வருமானமாகும். கட்டடத்துக்கும் தளபாடங்களுக்குமான 8 இலட்சம் மூலதனச் சொத்துக்கான ஈடாகும். அவற்றுக்குச் சட்டம் அனுமதிக்கும் மூலதனக் கழிவுகளை வியாபாரி முன்னைய ஆண்டுகளில் பெற்றிருந்தால், கணக்கில் எஞ்சியுள்ள பெறுமதியை விட இழப்பீடு மேற்படும் அளவுக்கு வருமானம் எழக்கூடும்.

இங்குதான் எமது வியாபாரிகள் பலர் இடறுகின்றனர். காப்புறுதிக் கம்பனி ஒரே காசோலையாக 30 இலட்சம் ரூபாவைக் கொடுத்து, முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு என ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கடிதத்தில் கையொப்பம் பெற்றுவிடுகின்றது. தொகை எவ்வாறு பகுக்கப்பட்டது என்பது அதில் இருப்பதில்லை. எரிந்த கடையுடன் கணக்குப் புத்தகங்களும் எரிந்திருப்பின், பின்னர் இறைவரி அதிகாரி முழுத் தொகையையும் வருமானமெனக் கருதும்போது மறுத்துரைக்க ஆதாரம் இருப்பதில்லை. மதிப்பீடு தவறு என நிரூபிக்கும் பொறுப்பு வரி செலுத்துபவரையே சாரும்.

வேலை இழந்தவருக்குக் கிடைக்கும் பணம்

தொழிலாளருக்குக் கிடைக்கும் கொடுப்பனவுகள் அதிக கவனத்துடன் நோக்கப்பட வேண்டியவை. ஆட்குறைப்பு, தொழில் இழப்பு, தொழில் முடிவுறுத்தல் ஆகியவற்றுக்கான கொடுப்பனவுகள் தொழில் வருமானத்தில் அடங்கும் எனச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகின்றது. ஆகவே நட்டஈடு என்ற பெயரைக் கொண்டு மட்டும் இவை வரியிலிருந்து தப்பிவிடுவதில்லை.

ஆயினும் இவற்றுக்குச் சலுகை வீதங்கள் உண்டு. ஓய்வுக்காலப் பணிக்கொடை போன்ற சேவை முடிவு நலன்களில் முதல் ஒரு கோடி ரூபாவுக்கு வரி இல்லை. அடுத்த ஒரு கோடி ரூபாவுக்கு 6 சதவீதமும் எஞ்சிய தொகைக்கு 12 சதவீதமும் அறவிடப்படும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ், ஐந்து வருடங்களுக்குக் குறையாத சேவையையுடைய மாதச் சம்பள ஊழியர் ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளத்தையும், தோட்டத் தொழிலாளர் போன்ற ஏனையோர் 14 நாட் சம்பளத்தையும் பெறுகின்றனர். இத்தகையோரில் மிகப்பெரும்பாலானோரின் பணிக்கொடை ஒரு கோடி ரூபாவை நெருங்குவதேயில்லை. எனவே அவர்கள் வரி பற்றி அஞ்சத் தேவையில்லை.

தொழில் இழப்புக்கான நட்டஈட்டுக்கும் இச்சலுகை கிடைக்க வேண்டுமாயின் ஒரு நிபந்தனை நிறைவேற வேண்டும். அக்கொடுப்பனவு, அந்நிறுவனத்தின் ஊழியர் அனைவருக்கும் ஒரே சீராக ஏற்புடையதென இறைவரி ஆணையாளர் நாயகம் கருதும் திட்டமொன்றின் கீழ் வழங்கப்பட வேண்டும். சுயவிருப்பில் விலகுவோருக்கான திட்டமொன்றை நிறுவனம் முன்வைக்கும்போது, அதற்கு இந்த ஏற்பு பெறப்பட்டுள்ளதா என ஊழியர்களும் தொழிற்சங்கங்களும் கையொப்பமிடு முன்னரே கேட்டறிய வேண்டும். ஏற்புப் பெறாத தனிப்பட்ட உடன்பாடாயின் அத்தொகை சாதாரண வீதங்களில், அதாவது 6 சதவீதம் முதல் 36 சதவீதம் வரையான படிமுறையில், வரிக்குட்படக்கூடும்.

1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாயசபைக்குச் சென்று வெற்றிபெறும் ஊழியரின் நிலையும் சிந்தனைக்குரியது. மாதம் ஓர் இலட்சம் ரூபா சம்பளம் பெற்ற ஒருவர் அநியாயமாக நீக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளின் பின்னர் நிலுவைச் சம்பளத்துடன் மீளச் சேர்க்கப்படுகின்றார் என்க. நிலுவை 24 இலட்சமும் நடப்பாண்டுச் சம்பளம் 12 இலட்சமும் ஒரே ஆண்டில் கைக்கு வந்து, முழுவதும் அவ்வாண்டின் வருமானமாகவே கணக்கிடப்படின், மொத்தம் 36 இலட்சம். நிவாரணமான 18 இலட்சம் போக எஞ்சிய 18 இலட்சத்தில், முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதமாக 60,000, அடுத்த 5 இலட்சத்துக்கு 18 சதவீதமாக 90,000, கடைசி 3 இலட்சத்துக்கு 24 சதவீதமாக 72,000 என மொத்தம் 2,22,000 ரூபா வரியாகின்றது. அதே சம்பளம் அந்தந்த ஆண்டில் ஒழுங்காகக் கிடைத்திருந்தால் ஒரு சதமேனும் வரி எழுந்திராது. அநீதிக்குள்ளானவரே அந்த அநீதியின் காரணமாகக் கூடுதல் வரியையும் சுமப்பது எந்த வகையிலும் நியாயமாகாது. இத்தகைய நிலுவைகள் உரிய ஆண்டுகளுக்குப் பகிர்ந்தே கணிக்கப்பட வேண்டும் என்பது எமது உறுதியான நிலைப்பாடாகும். ஊழியர் தமது பங்கில், எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்பதைக் குறிப்பிடும் கூற்றைத் தொழில் தருநரிடமிருந்து பெற்று, வரி கழிக்கப்படு முன்னரே திணைக்களத்தின் ஆலோசனையை நாடுதல் நன்று.

நிறுவனத்துக்காகத் தமது கைப்பணத்தைச் செலவிட்ட ஊழியர் அதனைத் திரும்பப் பெறுவது வருமானமன்று. அதற்கான பற்றுச்சீட்டுகள் இருத்தல் வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

உயிரும் உடலும்

ஒருவருக்கு ஏற்பட்ட உடற்காயத்துக்காகவோ இன்னொருவரின் மரணத்துக்காகவோ இழப்பீடாக வழங்கப்படும் மூலதனத் தொகை வருமான வரியிலிருந்து முற்றாக விலக்களிக்கப்பட்டுள்ளது. சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இதனைத் தெளிவாகக் கூறுகின்றது. தொழிற்சாலை இயந்திரத்தில் கையை இழந்த தொழிலாளி 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெறும் தொகையும், வீதி விபத்தில் கணவனை இழந்த பெண் பெறும் காப்புறுதி இழப்பீடும் இதில் அடங்கும். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் தொடர்பில், முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்புத்துறை உயரதிகாரிகளும் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு செலுத்த வேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் வழியாக உயிரிழப்புக்கும் காயத்துக்குமென வழங்கப்படும் மொத்தத் தொகைகளையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும்.

ஆயினும் மூலதனத் தொகை என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். காயமுற்றவர் வேலைக்குச் செல்ல முடியாத மாதங்களில் தொழில் தருநர் தொடர்ந்து வழங்கும் சம்பளம் சம்பளமே. அப்பணத்தை வங்கியிலிட்டுப் பெறும் வட்டிக்கும் விலக்கு நீடிப்பதில்லை.

கடலும் நிலமும் தந்த பாடம்

2021 மே மாதத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் ஜூன் மாதத்தில் மூழ்கியது. நச்சுப் பொருட்களும் பிளாஸ்டிக் துணிக்கைகளும் கடலில் பரவியதால் நீர்கொழும்பு உள்ளிட்ட மேற்குக் கரையோர மீனவர்கள் கடலுக்குச் செல்லத் தடைவிதிக்கப்பட்டது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலரை இழப்பீடாகச் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

இத்தகைய இழப்பீட்டிலிருந்து மீனவர் ஒருவருக்குக் கிடைக்கும் தொகையை மேற்கூறிய அளவுகோலால் அளந்து பார்ப்போம். பிடிக்க முடியாத மீனுக்காக வழங்கப்படுவது, மீன்பிடி வருமானத்தின் இடத்தை நிரப்புவதால் அவ்வருமானத்தின் இயல்பைப் பெறும். அவ்வருமானம் வரிக்குரியதாயின் இதுவும் வரிக்குரியது. பழுதான வலைக்காகவும் படகுக்காகவும் வழங்கப்படுவது சொத்துக்கான ஈடு. நச்சுப் பொருளால் நோயுற்றமைக்கான மொத்தத் தொகை விலக்களிக்கப்பட்டது. நாளாந்தம் உழைத்து உண்ணும் மீனவரின் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவை எட்டாதவரை எதற்குமே வரி எழாது. ஆனால் பல படகுகளை வைத்திருக்கும் சம்மாட்டிக்கு இந்தப் பாகுபாடு பெருந்தொகை சம்பந்தப்பட்ட விடயமாகும்.

உமா ஓயா சுரங்கப் பணியினால் பண்டாரவளைப் பகுதியில் வீடுகள் வெடிப்புற்றதையும் கிணறுகள் வற்றியதையும் மலையக வாசகர்கள் அறிவர். அங்கும் வெடித்த சுவருக்கான இழப்பீடு வேறு, நீரின்றி அழிந்த மரக்கறிச் செய்கைக்கான இழப்பீடு வேறு.

செய்ய வேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து வாசகர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சிலவே. இப்பணம் எதற்குப் பதிலாகக் கிடைத்தது? அந்த இழப்பு நேராதிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கக்கூடியது வரிக்குரியதா? இச்செலவை முன்னர் நான் கணக்கில் கழித்தேனா? இதில் வட்டி கலந்துள்ளதா? இவற்றுக்கு விடை தெரிந்தால் வரி உண்டா இல்லையா என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தீர்வுக் கடிதத்தில் கையொப்பமிடு முன்னர், தொகை எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விளங்காத மொழியில் எழுதப்பட்டதில் கையொப்பமிடாதீர்கள். கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், வங்கிக் கூற்றுகள் ஆகியவற்றைச் சட்டம் வேண்டுகின்றவாறு குறைந்தது ஐந்து வருடங்களுக்குப் பேணி வையுங்கள். மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிவடைவதையும், விவரத்திரட்டுச் சமர்ப்பிக்க வேண்டிய இறுதித் திகதி நவம்பர் 30 என்பதையும் மறவாதீர்கள். தவறான மதிப்பீட்டு அறிவித்தல் கிடைப்பின், 30 நாட்களுக்குள் நிருவாக மீளாய்வைக் கோரலாம். அதில் திருப்தியில்லையெனில் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவை நாடலாம். அறிவித்தலை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வாளாவிருப்பவருக்கு இவ்வுரிமைகள் பயன்படப்போவதில்லை.

இவையனைத்தும் குடிமக்களின் கடமைகள். நிறுவனங்களுக்கும் அரசுக்கும் கடமைகள் இல்லையா என்பதே எமது அடுத்த கேள்வி. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. காப்புறுதிக் கம்பனிகளும் வங்கிகளும் தமிழில் விளம்பரம் செய்து வாடிக்கையாளரைச் சேர்க்கின்றன. பணம் செலுத்தும் வேளையில் மட்டும் ஆங்கிலத்தை நாடுவது நேர்மையன்று. ஒவ்வொரு இழப்பீட்டுக் கொடுப்பனவுடனும், அதன் கூறுகளையும் கழிக்கப்பட்ட வரியையும் பெறுபவரின் மொழியில் காட்டும் கூற்று வழங்கப்படுவதை ஒழுங்குபடுத்தும் அதிகாரிகள் கட்டாயமாக்க வேண்டும். இறைவரித் திணைக்களமும் நட்டஈடு, மீளளிப்பு, சேவை முடிவுக் கொடுப்பனவுகள் பற்றி உதாரணங்களுடன் கூடிய எளிய தமிழ் வழிகாட்டியொன்றை எல்லா மாவட்ட அலுவலகங்களிலும் கிடைக்கச் செய்தல் வேண்டும்.

வரி செலுத்துவது குடிமகனின் கடமை என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. செலுத்த வேண்டியதை ஒளிப்பது எவ்வளவு தவறோ, செலுத்தத் தேவையில்லாததை அறியாமையைப் பயன்படுத்தி அறவிடுவதும் அவ்வளவு தவறே. இழப்புக்குள்ளான ஒருவர் தமக்குக் கிடைத்த நட்டஈட்டில் எது தம்முடையது, எது அரசுக்குரியது என்பதைத் தமது மொழியிலேயே அறிந்துகொள்ளக்கூடிய நிலையை உருவாக்குவது அரசாங்கத்தின் பொறுப்பாகும். அதனை இனியும் தாமதிக்கலாகாது என வலியுறுத்த விரும்புகின்றோம்.